ஊசியை எடுத்த பிறகு (மாற்றுச் சிறுநீரகம் – 9)

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்துக்குக் கிழக்கே எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் சென்னை. மேற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் வேலூர். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது, மருத்துவர்கள் மோகன் ராவும் கே.வி. ஜானியும் அதற்குக் காரணமானவர்கள். சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையும் ஸ்டான்லியும் பல ஆண்டுகளாக ஏழைகளுக்கு இந்த அறுவையைச் செய்துவருகின்றன. அதனால் காஞ்சிபுரத்துப் பக்கத்து ஊர்களில், தாயோ மனைவியோ கொடுத்த சிறுநீரகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருவர் மறுபடி தறியில் உட்காருவது இன்று நடக்கிற காரியம்.

அப்படி ஒரு நெசவாளரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 1.2 என்று நின்றுகொண்டிருந்தது, இந்த மாதம் 1.9 காட்டுகிறது. பயாப்ஸி எடுக்க வேண்டும், அதாவது ஊசியால் சிறுநீரகத் திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். வீட்டில் முதலில் மறுப்பவர் பெரும்பாலும் சிறுநீரகத்தைக் கொடுத்தவர்தான். “நல்லா இருக்கற கிட்னியில ஊசியப் போட்டுக் கெடுத்துடாதீங்க சார்.” அந்தப் பயத்தை நான் ஒருநாளும் அலட்சியமாகப் பார்க்க மாட்டேன். ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது.

கிரியாட்டினின் ஏறக் காரணம் பல. உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டேக்ரோலிமஸ் அளவு மீறி, அதுவே சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம். பி.கே. என்ற வைரஸ் உள்ளே பெருகியிருக்கலாம். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பாற்றலை இன்னும் அடக்க வேண்டும். வைரஸ் என்றால் அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர் சிகிச்சைகள். ரத்தப் பரிசோதனைகள் துப்புக் கொடுக்கும். பல நேரங்களில் தீர்ப்புச் சொல்வது திசுதான். ஊகத்தில் மருந்து கொடுத்துச் சிறுநீரகத்தை இழப்பதற்கு உள்ள வாய்ப்பு, ஊசியால் இழப்பதற்கு உள்ள வாய்ப்பைவிடப் பல மடங்கு பெரிது.

மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டித் தோலுக்குக் கிட்டத்தில் வைக்கிறார்கள். எனவே மல்லாந்து படுத்தால் போதும். இடத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஸ்பிரிங் வைத்த ஊசியைச் செலுத்துகிறார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம். வெளியே வருவது வேகவைத்த சேமியாத் துண்டு மாதிரி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் திசு. பெரும்பாலும் இரண்டு துண்டு எடுப்பார்கள். ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகள் பத்தாவது அதில் இருந்தால்தான் நம்பிச் சொல்ல முடியும் என்பது, 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய நிபுணர்கள் தொடங்கிவைத்த வகைப்பாட்டின் கணக்கு.

ஊசி வெளியே வந்த பிறகுதான் கவனம் தேவைப்படுகிற நேரமே தொடங்குகிறது. சிறுநீரகம் ரத்தம் பெருகி ஓடுகிற உறுப்பு. குத்தினால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு அது தானாக நின்றுவிடுகிறது. ரத்தம் ஏற்றவோ வேறு சிகிச்சை செய்யவோ வேண்டிய அளவுக்குப் போவது நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான். சிறுநீரகமே போவது மிக மிக அரிது. நாலைந்து மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பதும், நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதற்காகத்தான். சில வார்டுகளில் ஒவ்வொரு முறை போன சிறுநீரையும் சிறு குப்பிகளில் வரிசையாக வைக்கச் சொல்வார்கள். முதல் குப்பி ரோஜா நிறம், அடுத்தது இளமஞ்சள் என்று போனால் நிம்மதி. நிறம் கூடிக்கொண்டே போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கூட இருக்கும் மனைவியோ தம்பியோ பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளம் இது.

சிவப்பைவிடப் பயப்பட வேண்டியது சிறுநீர் நின்றுபோவது. ரத்தக்கட்டி பாதையை அடைத்தால், பாரம் சுமக்க இன்னொரு சிறுநீரகம் இவருக்கு இல்லை. உடனே குழாய் போட்டுக் கழுவிக் கட்டியை வெளியேற்ற வேண்டும்.

இன்னொன்று சிறுநீரகத்தின் உறைக்குள் ரத்தம் தேங்குவது. 1939இல் இர்வின் பேஜ் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் சிறுநீரகத்தைச் செல்லோபேன் தாளால் சுற்றிவைத்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் எகிறியது. தேங்கிய ரத்தமும் அதே மாதிரி நெருக்குகிறது. பயாப்ஸிக்குப் பின் பிரஷர் திடீரென ஏறினால் பதற்றம் என்று விட்டுவிடக் கூடாது.

டயாலிசிஸ் காலத்தில் கையில் போட்ட ஃபிஸ்டுலாவை மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களில் பலருக்குத் தெரியும். விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். தமனியையும் சிரையையும் வேண்டுமென்றே இணைத்தது அது. பயாப்ஸி ஊசி அருகருகே ஓடும் இரண்டையும் சேர்த்துத் துளைத்தால், அதே இணைப்பு சிறுநீரகத்துக்குள் உண்டாகிவிடும். முக்கால்வாசி தானே மூடிக்கொள்ளும். மூடாமல் ரத்தப்போக்கோ பிரஷரோ தொடர்ந்தால், தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு உலோகச் சுருளை வைத்து அந்த ஒரு கிளையை மட்டும் அடைக்கிறார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் தெரிந்துவிடும். சிலருக்குச் சில நாள் கழித்தும் வரும்; அப்போது அவர் வார்டில் இருக்க மாட்டார், ஊரில் இருப்பார். எனக்குக் கவலை அந்த நாட்களைப் பற்றித்தான். குத்திய இடம் வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் பெயர் தெரியாத வலி மாத்திரை வாங்கிப் போடுவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகள் ரத்தம் உறைவதையும் குலைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும், அதற்கும் அடங்காத வலி என்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தண்ணீர்க் குடம், சிலிண்டர், நெல் மூட்டை எதையும் ஓரிரு வாரம் தொடக் கூடாது. குழித்தறியில் நெய்த துணி சுருளும் மரம் அடிவயிற்றுக்கு எதிரே இருக்கிறது; குனிந்து மிதிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் அதை பயாப்ஸிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; தானாக நிறுத்தவும் கூடாது.

ராத்திரி சிறுநீர் சிவந்தாலோ நின்றாலோ, தலை சுற்றி வியர்த்தாலோ, சென்னைக்குக் கார் கிடைக்குமா என்று அலைய வேண்டாம். 108ஐ அழைத்துக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய், “மாற்றுச் சிறுநீரகம், இந்தத் தேதியில் பயாப்ஸி எடுத்தது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். ரத்தம் ஏற்றும் முடிவை, உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், மாற்று அறுவை செய்த மருத்துவமனையோடு பேசிவிட்டு எடுப்பது மேல். பிறர் ரத்தம் ஏறினால் புதிய எதிர்ப்பொருள்கள் உருவாகி, வைத்த சிறுநீரகத்துக்கே எதிராகத் திரும்பக்கூடும்.

இதற்குள் பரிசோதனைக் கூடத்தில் திசுவுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் நிராகரிப்பு என்று வந்தால், வழக்கமாக மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசியில் சிகிச்சை தொடங்கும். அது எப்படி வேலை செய்கிறது, யாருக்குப் போதாமல் போகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)