குரல் யாருக்குச் சொந்தம்?
மொரிஸி, ஜானி மார்: ஒரே பாட்டில் இரண்டு உடல்கள்

1

பாடகன் கெட்டுப்போனால் அவன் பாடிய பாட்டும் கெட்டுப்போய்விடுமா? ராக் இசையைக் கேட்டு வளர்ந்த இடதுசாரி மனங்களைச் சில ஆண்டுகளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் கேள்வி இது. ஒரு பாடகரின் குரலையும், அவரோடு சேர்ந்து பாட்டுகளை உண்டாக்கிய கிதார்காரரின் குரலையும் அருகருகே வைத்துக் கேட்டால் இதற்கு ஏதாவது விடை கிடைக்குமா என்று பார்க்கலாம்.

'தி ஸ்மித்ஸ்' 1982இல் மான்செஸ்டரில் உருவாகி 1987இல் உடைந்துபோன குழு. மொரிஸி பாடினார். ஜானி மார் கிதார், ஆண்டி ரூர்க் பேஸ் கிதார், மைக் ஜாய்ஸ் டிரம்ஸ். ஐந்தே வருஷம், நான்கே ஸ்டுடியோ ஆல்பங்கள். தாட்சர் ஆட்சியில் முப்பது லட்சம் பேர் வேலையில்லாமல் கிடந்த காலம் அது. வேலையற்றவர்கள், காதலற்றவர்கள், 'ஆம்பளைத்தனம்' என்று சமூகம் வரைந்து வைத்திருந்த கட்டத்துக்குள் பொருந்தாதவர்கள் என்று பலருக்கும் இவர்கள் பாட்டு ஒரு ஒதுங்குமிடமாக இருந்தது. 1984இல் லண்டன் பெருநகர மன்றம் வேலைவாய்ப்புக் கோரி நடத்திய இசைவிழாவில் வாசித்தார்கள். 1986இல் தொழிற்கட்சிக்காக இளைஞர்களைத் திரட்டிய 'ரெட் வெட்ஜ்' மேடையிலும் ஏறினார்கள்.

2019 மே மாதம் அதே மொரிஸி, இஸ்லாமிய எதிர்ப்பையே அரசியலாகக் கொண்ட 'ஃபார் பிரிட்டன்' என்னும் வலதுசாரிக் கட்சியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார். அந்தக் கட்சியை வெளிப்படையாக ஆதரித்தும் பேசினார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை, புதிதாகப் பிழைக்க வந்தவர்களுக்கு எதிரான கொடியைப் பிடித்தார். கார்டிஃப் நகரத்தின் பழம்பெரும் இசைத்தட்டுக் கடையான ஸ்பில்லர்ஸ் அவருடைய தட்டுகளை விற்பதை நிறுத்தியது.

ஜானி மாரும் ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைதான். 2013இல் 'தி மெசெஞ்சர்' ஆல்பத்தைத் தன் பெயரில் வெளியிட்டது முதல் அவர் மேடையில் சொந்தப் பாட்டுகளோடு ஸ்மித்ஸ் பாட்டுகளையும் பாடிவருகிறார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'மார் வாசிக்கட்டும், பாடவேண்டாம்' என்பது ஒரு கட்சி. 'அப்பாடா, இனிக் குற்ற உணர்ச்சி இல்லாமல் இந்தப் பாட்டுகளைக் கேட்கலாம்' என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே குரலைச் சரியாகக் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

2

முதலில் குரல்களைப் பார்ப்போம்.

ஸ்மித்ஸ் பாட்டு பெரும்பாலும் எப்படி உருவானது என்பது பலமுறை பதிவான விஷயம். மார் இசையைக் கட்டி ஒரு கேசட்டில் பதிந்து கொடுப்பார். மொரிஸி அதன் மேல் சொற்களையும் பாடும் மெட்டையும் ஏற்றுவார். எது சரணம், எது பல்லவி என்று கிதார் நினைத்திருந்ததோ அதைக் குரல் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே அந்தக் குரல் தாளத்தின் மேல் மிதக்கிறது. வரி ஓரிடத்தில் நீண்டுபோகும், இன்னோரிடத்தில் சட்டென்று அறுந்துபோகும். நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்துவிட்டு, திடீரென்று கள்ளக்குரலில் ஒரு கூவல் கூவும். உயிரெழுத்துகளை இழுத்து வளைக்கும். புலம்பல் மாதிரியும் இருக்கும், புலம்புகிறவனைக் கிண்டல் செய்வது மாதிரியும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்பவரை நிறுத்திவைப்பதுதான் மொரிஸியின் சாமர்த்தியம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொரிஸியின் கைகள் சும்மா இருந்தன. ஆரம்ப நாட்களில் கையில் கிளாடியோலஸ் பூங்கொத்தைச் சுழற்றிக்கொண்டே பாடுவார். குரல் மிதப்பதற்கு உடலுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது.

மாருக்கு அது கிடையாது. வலது கை தந்திகளை மீட்டியபடி இருக்க, இடது கை சுரக்கட்டுகளை மாற்றியபடி இருக்க, வாய் பாட வேண்டும். அவர் வாசிப்பதும் சும்மா தட்டிவிட்டுப் போகிற வாசிப்பில்லை. நீண்ட தனி வாசிப்புகளைத் தவிர்த்து, பாட்டு முழுவதும் தந்தி தந்தியாகப் பின்னிக்கொண்டே போகிற பாணி. கை விடும் இடத்தில்தான் மூச்சு வாங்க முடியும். அதனால் சொல் தாளத்தின் மேலேயே வந்து உட்காருகிறது. வரி முடிந்ததும் ஸ்வரம் நறுக்கென்று நிற்கிறது. நடுக்கமில்லை, இழுப்பு குறைவு. அகலமில்லாத, வெளிறிய, மான்செஸ்டர்த் தெருவின் உச்சரிப்போடு கூடிய நேர்க்குரல். குழுவுக்கு முன்னால் வந்து நிற்காமல் கிதார்களின் நடுவிலேயே அது நின்றுகொள்கிறது.

இந்தக் குரலை அவர் முன்னே கொண்டுவரவும் வெகுகாலம் ஆயிற்று. ஸ்மித்ஸை விட்ட பிறகு 'தி தி', 'எலெக்ட்ரானிக்' என்று மற்றவர்கள் பாட இவர் வாசித்தார். முன்னணிப் பாடகராக அவர் நின்ற முதல் ஆல்பம், ஹீலர்ஸ் குழுவோடு செய்த 'பூம்ஸ்லாங்', 2003இல்தான் வந்தது. ஸ்மித்ஸ் உடைந்து அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

3

ரொலாண் பார்த் 1972இல் குரலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஷார்ல் பான்ஸேரா, ஃபிஷர்-டீஸ்காவ் என்ற இரண்டு பாடகர்களை ஒப்பிட்டு அவர் முன்வைத்த கருத்தைக் 'குரலின் சொரசொரப்பு' என்று தமிழில் சொல்லலாம். மரப்பலகையைத் தடவும்போது கையில் ரேகை தட்டுப்படுகிறதே, அதுபோலப் பாட்டில் பாடுகிறவரின் உடல் தட்டுப்படும் இடம் அது. ஃபிஷர்-டீஸ்காவிடம் மூச்சு இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, குறையே இல்லை; ஆனால் உடல் தட்டுப்படவில்லை. பான்ஸேராவிடம் நாக்கும் பல்லும் தொண்டையும் மொழியோடு உராய்வது கேட்கிறது. ஒன்று செய்தியைச் சொல்லும் பாட்டு, மற்றது உடலே மொழியாகும் பாட்டு.

இதை அப்படியே இங்கே பொருத்தினால் தீர்ப்பு சுலபம். மொரிஸிக்குச் சொரசொரப்பு உண்டு, மாருக்கு இல்லை; ஆகவே மொரிஸிதான் பாடகர். முதல் கட்சிக்காரர்கள் பார்த்தைப் படிக்காமலே இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

ஆனால் பார்த் இன்னொன்றும் சொல்கிறார். சொரசொரப்பு பாடும் குரலில் மட்டும் இல்லை. எழுதும் கையிலும் வாசிக்கும் உறுப்பிலும் அது உண்டு. இதைப் பிடித்துக்கொண்டால் விஷயம் வேறாகிறது. ஸ்மித்ஸ் பாட்டு எதிலும் நாம் கேட்பது ஒரு உடலை அல்ல. தொண்டையில் ஒன்று, விரல்களில் ஒன்று. 'ஹவ் சூன் இஸ் நவ்?' பாட்டில் அந்த நடுங்கும் கிதார் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பெருக்கிகளில் நடுக்கத்தை ஏற்றி, அவற்றின் வேகம் தாளத்தைவிட்டு விலகும்போதெல்லாம் மாரும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் கையாலேயே திருத்தித் திருத்திப் பதிந்தார்கள். கூச்சத்தைப் பற்றிய அந்தப் பாட்டில் சொற்கள் வாய் திறப்பதற்கு முன்பே நடுங்கத் தொடங்குவது கிதார்தான். நாம் 'மொரிஸியின் வேதனை' என்று பெயர் வைத்துக் கேட்டதில் பாதி, இன்னொருவர் கைவேலை.

முன்னணிப் பாடகர் என்ற ஸ்தானம் இந்தக் கைவேலையை மறைத்துவிடுகிறது. பாட்டின் 'நான்' பாடுகிறவருடைய 'நான்' ஆகிவிடுகிறது. பின்னால் உழைக்கிறவர்கள் அந்த 'நானு'க்குப் பரிவாரம் ஆகிவிடுகிறார்கள்.

4

மார் பாடும்போது என்ன நடக்கிறது? 'தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்' பாட்டை இரண்டு பதிவுகளில் கேட்டுப்பாருங்கள். ஒன்று 1986இல் 'தி குவீன் இஸ் டெட்' ஆல்பத்தில் மொரிஸி பாடியது. மற்றது 2015இல் வந்த 'அட்ரினலின் பேபி' என்ற மேடைப் பதிவில் மார் பாடியது. வீட்டுக்குப் போக மனமில்லாத ஒருவன் இரவில் காரில் உட்கார்ந்துகொண்டு, பிடித்தவர் பக்கத்திலேயே செத்துப்போனாலும் சரி என்று நினைக்கிற பாட்டு.

மொரிஸியிடம் இது ஒரு தனி ஆளின் அறிக்கை. அந்தச் சாவு ஆசை நிஜமா நாடகமா என்று தீர்மானிக்க முடியாதபடி குரல் வழுக்கிக்கொண்டு போகிறது. மாரிடம் அந்த வழுக்கல் இல்லை. ஏளனமும் இல்லை. வரிகளை ஒப்படைக்கிற மாதிரி பாடுகிறார். பல்லவி வந்ததும் கூட்டம் எடுத்துக்கொள்கிறது. 'நான்' என்ற நாற்காலியை அவர் காலியாக விட்டுவைக்கிறார். ஆயிரக்கணக்கான பேர் அதில் உட்காருகிறார்கள். விரல்களின் சொரசொரப்பு மட்டும் அப்படியே தொடர்கிறது.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'பிக்மவுத் ஸ்டிரைக்ஸ் அகைன்' மாதிரியான பாட்டில் தன்னையே குத்திக்கொள்ளும் கிண்டல் மொரிஸியின் நாக்கில்தான் இருந்தது. மாரிடம் அது வேகமான, உற்சாகமான பாட்டாக மாறிவிடுகிறது. தனியறையில் உட்கார்ந்து 'இது என்னைப் பற்றித்தான்' என்று நினைத்தவருக்கு அந்தத் தனித்த 'நான்' தேவைப்பட்டது. அவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டு 'கூட்டத்தோடு சேர்ந்து பாடு' என்றால் அதுவும் ஒரு வன்முறைதான். மாரின் குரல் மொரிஸியின் குரலுக்கு மாற்று இல்லை. அது வேறொரு வேலையைச் செய்கிறது.

5

இரண்டாவது கட்சிக்கு வருவோம். மாரின் வாயில் போட்டு அலசி எடுத்தால் பாட்டு சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இவர்கள். 1967இல் பார்த் அறிவித்த 'ஆசிரியனின் மரண'த்தையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். ஆசிரியன்தான் செத்துவிட்டானே, பிறகு அவன் என்ன சின்னம் குத்திக்கொண்டால் நமக்கென்ன?

நமக்கு இருக்கிறது. எழுத்தில் செத்த ஆசிரியன் கணக்குப் புத்தகத்தில் சாவதில்லை. மேடையில் யார் பாடினாலும் பாட்டை எழுதியவர்களுக்கு உரிமைத்தொகையில் பங்கு உண்டு. சொற்கள் மொரிஸியுடையவை, அதை யார் குரலும் அழித்துவிட முடியாது.

மாரைப் புனிதராக்கவும் அவசியமில்லை. ஸ்மித்ஸின் பதிவுகளிலும் கச்சேரிகளிலும் வந்த வருமானத்தில் மொரிஸியும் மாரும் தலைக்கு 40 சதவீதம், ரூர்க்கும் ஜாய்ஸும் தலைக்கு 10 சதவீதம் என்றுதான் பங்கு போடப்பட்டது. ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996இல் லண்டன் உயர்நீதிமன்றம் அவருக்குச் சமபங்கு, அதாவது 25 சதவீதம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. மொரிஸியின் மேல்முறையீடும் 1998இல் தோற்றது. ரூர்க்கோ பணநெருக்கடியில் முன்னமே ஒரு தொகைக்குச் சமரசமாகிப் போயிருந்தார், 2023இல் இறந்துபோனார். பாட்டின் உடல்கள் இரண்டு என்று மேலே நானே எழுதினேன், தலைப்பிலும் வைத்தேன். நீதிமன்றத்தில் அவை நான்காகிவிட்டன. 'குரலா கிதாரா' என்று நாம் சண்டை போடும்போதே பேஸும் டிரம்ஸும் காணாமல்போகின்றன.

கூட்டத்தின் மேலும் கண்மூடித்தனமான நம்பிக்கை வேண்டாம். காலியான நாற்காலியில் யாரும் உட்காரலாம். பழமைவாதக் கட்சியின் டேவிட் கேமரூன் தனக்கு ஸ்மித்ஸ் பிடிக்கும் என்று சொல்லிவந்தார். 2010 டிசம்பரில், கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் தெருவில் நின்றபோது, பிரதமர் கேமரூன் தங்கள் இசையை ரசிக்கவே கூடாது என்று மார் ட்விட்டரில் 'தடை' போட்டார். வேடிக்கைதான், ஆனால் வேடிக்கைக்குள் ஒரு முரண் இருக்கிறது. பாட்டைக் கூட்டத்திடம் ஒப்படைக்கிற மனிதரே 'இது உனக்கில்லை' என்றும் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டு பொதுச்சொத்து என்று சும்மா சொன்னால் போதாது, எந்தப் பொது என்றும் சொல்லியாக வேண்டும்.

6

அப்படியானால் என்ன செய்வது? மொரிஸியின் பதிவை இனித் தொடமாட்டேன் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. யாருக்கு எதிராக அந்தச் சின்னம் குத்தப்பட்டதோ அவர்களுடைய காதுகளுக்கு அந்தக் குரல் இப்போது வேறு மாதிரிக் கேட்கும். கேட்டே ஆகவேண்டும் என்று அவர்களிடம் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. கேட்கிறவர் மறந்துவிட்டுக் கேட்க வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை. 1986இன் குரலில் 2019இன் சின்னமும் சேர்ந்து ஒலிக்கட்டும், உறுத்தட்டும்.

மார் பாடுவதைக் கேட்கும்போது, இது நல்ல குரலா கெட்ட குரலா என்று மார்க் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவைப்போம். பாட்டில் வேலை செய்தவர்களில் ஒருவர், தன் கை செய்ததற்குப் பக்கத்தில் தன் வாயையும் கொண்டுவந்து வைக்கிறார். அந்த வாய்க்குப் பெரிய வசீகரம் இல்லை. வசீகரம் இல்லாததால்தான் கை செய்கிற வேலை நமக்குக் கேட்கிறது.