சென்னையில் இறங்கிய ஜீப்புகள்

பல்லைப் பிடித்துப் பாராமல் மாடு வாங்குகிறவர் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் கிடையாது. ஆனால் சர்க்கார் ஒரு முறை அப்படித்தான் வாங்கியது.

1948-ம் ஆண்டு. காஷ்மீர்ப் போர் நேரம். ராணுவத்துக்கு ஜீப் போதவில்லை. லண்டனில் ஹைகமிஷனராயிருந்த வி. கே. கிருஷ்ண மேனன், ஆன்டி மிஸ்டான்டஸ் என்ற கம்பெனியிடம் 2,000 பழைய ஜீப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தார். எல்லாம் புதுப்பித்துத் தரப்படும் என்பது பேச்சு. ஒன்றின் விலை 300 பவுண்டு. கம்பெனியின் மூலதனமோ 605 பவுண்டு. இரண்டு ஜீப்பின் விலை! பணத்தில் பெரும் பகுதி முன்கூட்டியே போய்விட்டது.

போர் நின்ற பிறகு 155 ஜீப்புகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. ராணுவத்தார் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட உபயோகத்துக்கு லாயக்கில்லை. 'புதுப்பித்தது' என்பதன் லட்சணம் அன்றுதான் தெரிந்தது. கப்பலேற்றுமுன் ஒழுங்காகச் சோதித்திருந்தால் லண்டனிலேயே தெரிந்திருக்கும். சரக்கை ஏற்க இந்தியா மறுத்தது. கம்பெனியும் கையை விரித்தது.

அடுத்து வேறொரு கம்பெனியுடன் 1,007 ஜீப்புகளுக்கு ஒப்பந்தம். விலை 458 பவுண்டுக்கு ஏறியது. மாதம் 68 வர வேண்டும். இரண்டு வருஷத்தில் வந்தவை 49!

பாராளுமன்றத்தில் அமளி. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் குழு ஆராய்ந்தது. 1955 செப்டம்பரில் உள்துறை மந்திரி பந்த், விஷயம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். மேனன் மீது வழக்கு எதுவும் வரவில்லை. 1956-ல் மந்திரியானார்.

1971-ல் திருவனந்தபுரம் தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 1974-ல் இறக்கும்வரை அவரே அதன் உறுப்பினர். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இன்று அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன.