'போ'ன்னு சொல்லிட்டா போயிடணுமா? 'போ நீ போ' பாட்டும் ஒண்டிக்கடையில இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட்டும்

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்குது. அனுப்பின தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் இங்க சொல்றேன். பேர் வேண்டாம்னு சொல்லியிருக்கான்.

"அக்கா, நான் இப்ப ஏற்காட்டுல இருக்கேன். ஒண்டிக்கடை ரவுண்டானாகிட்ட நிக்கிறேன். சேலத்துல இருந்து தனியா பஸ் ஏறி வந்துட்டேன். மேல வர்ற வரைக்கும் இருபது ஹேர்பின் பெண்டும் ஒரே பாட்டுதான், ரிப்பீட்ல. 'போ நீ போ'. நாலு வருஷம் அக்கா. இன்னிக்கு அவளுக்கு அந்தப் பாட்டோட லிங்க்கை மட்டும் அனுப்பிட்டு பிளாக் பண்ணிடலாம்னு இருக்கேன். வேற எதுவும் சொல்ல வேண்டியதில்ல, அதுலயே எல்லாம் இருக்கு. விட்டுட்டுப் போறதுதானே கெத்து? நீங்க என்ன சொல்றீங்க?"

பின்னாடி ஜீப் ஹாரன் கேக்குது, யாரோ மிளகாய் பஜ்ஜி ரெண்டு பிளேட் கேக்கறாங்க. நான் உடனே அனுப்பின பதில் ரொம்பச் சின்னது: "இப்ப அனுப்பாத தம்பி. முதல்ல ஏதாவது சாப்பிடு. நான் விவரமா பேசறேன்." அந்த விவரம்தான் இந்த எபிசோட்.

ஏற்காடு போகாதவங்களுக்காக ஒரு வார்த்தை. ஒண்டிக்கடைங்கறது ஏரிக்குப் பக்கத்துல இருக்கற சந்திப்பு. ஊருக்கு வர்ற எல்லாருமே அந்த ரவுண்டானாவை ஒரு தடவையாவது சுத்தியிருப்பாங்க. ஒண்டின்னா தனி. பேரைக் கேட்டா ஒரு காலத்துல அங்க ஒரே ஒரு கடை இருந்திருக்கும்னு தோணும். இப்ப திரும்பின பக்கமெல்லாம் கடை. ஆனா பேர் மட்டும் ஒண்டியாவே நிக்குது. அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது இன்னொரு சொல், ஒண்டிக்கட்டை. நம்ம வீட்டுப் பெரியவங்க கல்யாணம் ஆகாம, குடும்பம் இல்லாம இருக்கற ஆளைச் சொல்ற வார்த்தை. நாலு வருஷக் காதல் முடிஞ்ச அன்னிக்கு ஒருத்தன் தேடிப் போய் நின்ன இடத்தோட பேர் அப்படி அமைஞ்சிருக்கு. சரி, பாட்டுக்கு வருவோம்.

'3' படம் 2012 மார்ச் 30ல ரிலீஸ். ஐஸ்வர்யா ரஜினிகாந்த் தனுஷ் இயக்கின முதல் படம். இசையமைப்பாளரா அனிருத்துக்கும் அதுதான் முதல் படம், அப்போ அவருக்கு வயசு 21. 'போ நீ போ' பாட்டை எழுதினது தனுஷ், பாடினது மோஹித் சௌஹான். 2011ல ரஹ்மான் இசையில இந்தி 'ராக்ஸ்டார்' பாட்டுகளைப் பாடி வடக்குல உச்சத்துல இருந்தவர். அவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை, அது கேட்டாலே தெரியும். என் காதுக்கு அது குறையாப் படலை. சொல் சரியா வாய்க்குள்ள வராம தடுமாறுற மாதிரி ஒரு தொனி அந்தக் குரலுக்கு வந்துருது. அழுதுட்டே பேசறவன் அப்படித்தானே பேசுவான்.

இங்க தேதிகள் முக்கியம். 2011 நவம்பர்ல 'கொலவெறி' வந்துச்சு. டிசம்பர்ல ஆல்பம் முழுசா வந்துச்சு. படம் வந்தது அடுத்த மார்ச் கடைசியில. அதாவது மூணு மாசத்துக்கு மேல தமிழ்நாடே 'போ நீ போ' பாட்டை கதை தெரியாமக் கேட்டுச்சு. காலேஜ் பஸ்ல, ஹாஸ்டல் ரூம்ல, ரிங்டோன்ல. கதை தெரியாதப்போ நாமளே ஒரு கதை வைப்போம்ல? வச்சோம். 'அவ ஏமாத்திட்டா, இவன் தூக்கிப் போட்டுட்டுப் போறான்.' அந்தக் கதைக்கு ஆள் தயாராத்தான் இருந்தாங்க. 'கொலவெறி' தன்னையே சூப் சாங்னு சொல்லிக்கிட்ட பாட்டு. அதே நவம்பர்ல வந்த 'மயக்கம் என்ன'ல செல்வராகவனும் தனுஷும் பாடின ஒரு பாட்டு, காதலிச்ச பெண்ணை அடிக்கவே சொல்லுது. அந்த சீசனே அப்படி. பையன்கள் கூட்டமா உக்காந்து, அங்க இல்லாத ஒரு பொண்ணைத் திட்டறதுக்கு மெட்டு கிடைச்ச சீசன். 'போ நீ போ'வும் அந்த வரிசையிலேயே சேர்ந்துருச்சு. இன்னைக்கும் ஸ்டேட்டஸ்ல, ரீல்ஸ்ல அது அப்படித்தான் ஓடுது.

ஆனா படத்துக்குள்ள நடக்கறது வேற. ராம், ஜனனி ரெண்டு பேரும் ஸ்கூல்ல இருந்து காதலிச்சு, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. ஜனனி ஏமாத்தலை, விட்டுட்டும் போகலை. ராமுக்கு பைபோலார் டிஸ்ஆர்டர். அது அவனோட நண்பனுக்குத் தெரியும், ஜனனிக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னு அவனே மறைக்கிறான். கடைசியில தன் உயிரை எடுத்துக்கறான். அது ஏன்னு புரியாம அவள் தேடறதுலதான் படமே போகுது.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு பாட்டைத் திரும்பக் கேளுங்க. 'போ'ன்னு சொல்லப்படுறவ எந்தத் தப்பும் பண்ணாதவ. சொல்றவன் அவளை வெறுக்கலை, தன்னையேதான் வெறுக்கறான். பைபோலார்ல மனநிலை ரெண்டு எல்லைக்கும் இழுபடும். ஒரு பக்கம் தூக்கமே தேவைப்படாத வேகம், எரிச்சல், தன்னால எல்லாம் முடியும்ங்கற நினைப்பு. இன்னொரு பக்கம் ஆழமான மனச்சோர்வு. அந்தச் சோர்வுல இருக்கறவங்க நெருக்கமானவங்களைத்தான் முதல்ல தள்ளி விடுவாங்க. 'நான் இவங்களுக்குப் பாரம், நான் இல்லன்னா இவங்க நல்லா இருப்பாங்க'ன்னு மனசு கணக்குப் போடும். அது நோய் போடற கணக்கு. மருந்தும் சிகிச்சையும் இருந்தா பைபோலாரோட நல்லபடியா வாழ முடியும், வாழ்ந்துட்டு இருக்கறவங்க நிறைய பேர். ராம் எடுக்கற முடிவுல எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்: கூட இருக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ற உரிமை ஜனனிக்குக் கிடைக்கவே இல்லை. அவளுக்கும் சேர்த்து அவனே முடிவு பண்ணிட்டான்.

(கேக்கறவங்க யாருக்காவது அந்த மாதிரி எண்ணம் வந்தா, 14416 டெலிமானஸ் எண். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.)

இனி அந்த ஒத்தை எழுத்துக்கு வரேன். போ. இந்தப் பாட்டோட முழு பாரமும் அதுலதான் இருக்கு. வேற மொழியில இதை மொழிபெயர்த்தா பாதி காணாமப் போயிடும்.

எங்க வீட்டுல வாசல்ல நின்னு "போறேன்"னு சொன்னா பாட்டிக்குக் கோபம் வந்துரும். "போறேன்னு சொல்லாதடி, போய்ட்டு வரேன்னு சொல்லு." உங்க வீட்டுலயும் இதே கதைதான்னு தெரியும். நாம கிளம்பும்போது "வரேன்"னு சொல்ற ஆளுங்க. வெளியாள் யாராவது கேட்டா, வந்துட்டு இருக்கோமா போயிட்டு இருக்கோமான்னு குழம்பிடுவாங்க. 'வா' இல்லாத வெறும் 'போ'வுக்கு நாம அவ்வளவு பயப்படறோம். ஏன்னா "அவர் போயிட்டார்"னு மொட்டையா சொன்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான்.

அதே நேரம், இதே சொல்லை நாம கொஞ்சறதுக்கும் வச்சிருக்கோம். புருஷன் கிண்டல் பண்ணும்போது "போங்க"ன்னு சொல்ற மனைவி அவரை எங்கயும் அனுப்பலை. ஃப்ரெண்டைப் பார்த்து "போடா டேய்"னு சொன்னா அவன் இன்னும் கிட்டத்தான் வருவான். சின்னக் குழந்தை அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டு "நீ போ"ன்னு சொல்லும், சொல்லிட்டு முந்தானையை விடாமப் பிடிச்சிருக்கும்.

தனுஷ் எழுதினதுல ரெண்டு 'போ'வும் ஒண்ணா வருது. மேலோட்டமாக் கேட்டா முழுக்க விரட்டல். துணை வேண்டாங்கறான், தூரமாப் போகச் சொல்றான். ஆனா கவனிங்க, அந்தப் 'போ'வுக்குப் பக்கத்துலேயே, திரும்பத் திரும்ப, காதலியைக் கூப்பிடற ஒரு செல்லச் சொல் ஒட்டிக்கிட்டே வருது. வெறுத்தவன் அப்படிக் கூப்பிட மாட்டான். நடுவுல பாட்டு அப்படியே திரும்பிடுது. தன் மூச்சே அவள்தாங்கற மாதிரி பேசறான், அன்பைக் காட்டினா பிழைச்சுக்குவேன்னு கேக்கறான். போகச் சொன்ன ஆள்கிட்டயே இருக்கச் சொல்லிக் கெஞ்சறான். அது முடிஞ்சதும் மறுபடி 'போ'. குழந்தையோட முந்தானை ஞாபகம் வருதா?

இதனாலதான் இதைக் காதலைக் கைவிட்ட பாட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். கைவிட்ட பாட்டு எப்படி இருக்கும்னு கேட்டா, 1991ல போனி ரைட் பாடின 'ஐ கேன்ட் மேக் யூ லவ் மீ' பாட்டைச் சொல்வேன். அதுல பாடறவளுக்கு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுடுது. உன் மனசுல இல்லாததை என்னால வரவைக்க முடியாது, விடியற வரைக்கும் மட்டும் இரு, அப்புறம் நானே இந்தப் போராட்டத்தை நிறுத்திடறேங்கறா. எதிர்ல இருக்கறவன் மேல பழி இல்லை, சாபம் இல்லை. கேட்டு முடிச்சா ஒரு நிசப்தம் வரும். 'போ நீ போ' முடிஞ்சா நமக்கு ரிப்பீட் அமுக்கத் தோணுது. அந்தத் தம்பி இருபது பெண்ட்டும் ரிப்பீட்லயே வந்ததுக்கு அதான் காரணம்னு நினைக்கிறேன். அந்தப் பாட்டு எதையும் முடிச்சு வைக்கலை.

அதுல எனக்குப் பிடிக்காத ஒரு இடமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். என் காதல் புரியலைன்னா அது உனக்குத்தான் இழப்புங்கற தொனியில ஒரு வரி வருது. ஸ்டேட்டஸ்ல அதிகமாப் பார்க்கறது அதைத்தான். ராமோட நிலைமையில அது உடைஞ்சு போனவனோட புலம்பல்னு புரிஞ்சுக்கலாம். வெட்டி எடுத்துத் தனியா வச்சா அது வெறும் ஈகோ. காதல் தோல்வின்னா தேவதாஸ் மாதிரி குடிச்சுத் தன்னை அழிச்சுக்கணும், அதுக்குக் காரணம் அவதான்னு ஊருக்குத் தெரியணும். இந்த நினைப்பு நம்ம சினிமாவுல 1953 'தேவதாஸ்'ல இருந்து, 1980 'ஒரு தலை ராகம்' வழியா, அப்படியே வந்துட்டு இருக்கு. பாட்டெல்லாம் அருமை, நானும் கேட்டு அழுதிருக்கேன். ஆனா அந்தப் படங்கள்ல பெண்ணுக்கு என்ன ஆச்சுன்னு பாட்டு ஒரு நிமிஷம் கூட நின்னு கேக்கறதில்லை.

இதுக்கு ரொம்ப முன்னாடி வள்ளுவர் வேற வழியில போயிருக்கார். காமத்துப்பால்ல 'நெஞ்சொடு புலத்தல்'னு ஒரு அதிகாரம், 130வது. அதுல வர்ற பெண்ணும் கோபமாத்தான் இருக்கா. ஆனா சண்டை அவனோட இல்லை, தன்னோட சொந்த நெஞ்சோட. அவன் நெஞ்சு அவன் பக்கம் நிக்குது, என் நெஞ்சு நீ மட்டும் ஏன் என் பக்கம் நிக்காம அவன் பின்னாடியே போறேன்னு அதையே நிறுத்தி வச்சு விசாரிக்கிறா. பத்துக் குறளும் இதே ரகளைதான். எனக்கு அது ரொம்ப நேர்மையாத் தெரியுது. போகச் சொல்லியும் போகாம இருக்கறது யாரு? அவளா, உன் நெஞ்சா?

அதனால தம்பி, உனக்கு என் பதில். நீ பாட்டைக் கேளு, எத்தனை தடவை வேணும்னாலும் கேளு. வலிக்கும்போது பாட்டு கேக்கறதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அதை அவளுக்கு அனுப்பாத. நீ அனுப்ப நினைக்கறது 'முடிஞ்சுது'ங்கற செய்தி. போய்ச் சேரப் போறது 'என்னை விட்டுப் போகாத, போனா பழி உன் மேலதான்'ங்கற செய்தி. முடிஞ்சுதுன்னா ரெண்டு வரி சாதாரணத் தமிழ்ல எழுது. முடியலைன்னா அதையும் எழுது. அவ என்ன முடிவு எடுக்கறாங்கறதை அவகிட்ட விடு. ஜனனிக்குக் கிடைக்காதது அதுதான். பிளாக் பண்றது உன் இஷ்டம், சில நேரம் அது தேவையும் கூட. பாட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பண்ணாத.

இதை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. லிங்க்கை அனுப்பலையாம். ஏரியைச் சுத்தி நடந்தானாம், பனி இறங்கி எதிர்க்கரை தெரியலையாம், சாயங்காலம் ஒண்டிக்கடையிலேயே சேலம் பஸ் பிடிச்சுட்டானாம். இறங்கும்போது இளையராஜா போட்டாங்க அக்கா, டிரைவர் இஷ்டத்துக்குன்னு எழுதியிருந்தான். கீழ ஒரு சிரிப்பு எமோஜி. ரெண்டு வரி எழுதினானா இல்லையான்னு நான் கேக்கலை.