பரங்கிக் கொடியின் விடியற்காலை

மார்கழி மாதத்தில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, அதன் நடுவே சாண உருண்டையைப் பிடித்து வைத்து, அதன் உச்சியில் பொன்னிறமான பரங்கிப் பூவொன்றைச் செருகும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. காவிரிக் கரையில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து அந்தப் பூவைப் பறித்து வரும் வேலை சிறுபிராயத்தில் எனக்கு வாய்த்திருந்தது. பனி சொட்டும் இலைகளை விலக்கிக்கொண்டு நான் குனியும்போதெல்லாம் கிணற்றடியிலிருந்து பாட்டியின் குரல் கேட்கும்: "தம்பி, அடியிலே பிஞ்சு இருக்கிற பூவைத் தொட்டுடாதே, நெட்டைக் காம்பிலே வெறுமனே நிற்கிறதாப் பார்த்துக் கிள்ளு." பரங்கி வளர்ப்பில் அறியவேண்டியவற்றுள் பாதி அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது என்பதை நான் உணர்ந்தது, வெகு காலம் கழித்து, பட்டணத்துப் புறநகரில் சொந்தமாக ஒரு கொடி வைத்து, அது ஒரு மாதம் பூத்துக் குலுங்கியும் ஒரு காய்கூடத் தராமல் நின்றபோதுதான்.

சோழநாட்டில் பரங்கிக்காய் என்றும், கொங்குநாட்டில் அரசாணிக்காய் என்றும், பிற இடங்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றும் வழங்கும் இக்காய், சாம்பல் பூத்த மேனியுடைய கல்யாணப் பூசணியினின்றும் வேறானது. இரண்டும் ஒரே பந்தலில் படர்ந்தாலும் ஒன்றன் மகரந்தம் மற்றொன்றில் பலிக்காது. பரங்கி என்ற பெயரே அது கடல் கடந்து வந்த விருந்தாளி என்பதைச் சொல்லிவிடுகிறது. அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில் ஒரு குகையில் கண்டெடுக்கப்பட்ட, இதன் நெருங்கிய உறவினமான ஒரு பூசணியின் விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையவை. அந்தக் கண்டத்தில் இப்பூக்களையே நம்பி உயிர்வாழும் ஒருவகைத் தேனீக்கள் மண்ணுக்குள் வளை தோண்டி வசித்து, சூரியன் உதிக்கும் முன்பே மலர்களைத் தேடிப் புறப்பட்டுவிடுகின்றன. நம் தேசத்துக்குக் கொடி வந்து சேர்ந்தது. அந்தத் தேனீ வரவில்லை. ஆகவே அதன் ஸ்தானத்தில் நம் அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும், அவையும் இல்லாத இடத்தில் வீட்டுக்காரரின் விரல்களும் வேலை செய்யவேண்டியிருக்கிறது.

எப்போது விதைப்பது என்ற கேள்விக்கு, ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பெரியோர் வாக்கையே முதல் விடையாகக் கொள்ளலாம். ஜூன், ஜூலை மாதங்களும், அவற்றை விட்டால் டிசம்பர், ஜனவரி மாதங்களும் பரங்கிக்கு ஏற்றவை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. முதற் பட்டத்தில் விதைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை நினைவில் வைத்துக்கொண்டு, நீர் தேங்காத மேட்டுப் பாங்கான இடத்தைத் தேர்ந்துகொள்வது அவசியம். வேரடியில் இரண்டு நாள் நீர் நின்றாலே கொடி அழுகத் தொடங்கிவிடும். இரண்டாம் பட்டத்தில் விதைப்பவர்கள் பொங்கலைத் தாண்டித் தாமதியாதிருப்பது நலம். ஏனெனில், வெப்பம் மிகுந்து பகற்பொழுது நீளநீள, இக்கொடியில் ஆண்பூக்கள் பெருகிப் பெண்பூக்கள் குறைந்துவிடும் சுபாவம் உண்டு. கோடையின் கடுமை தொடங்குமுன் காய் பிடித்துவிட்டால் பிறகு வெயில் அதனை முதிர்விக்க உதவுமேயன்றிக் கெடுக்காது.

ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, சில நாட்கள் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு பத்து கிலோ அளவு நன்றாக மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பவேண்டும். குழிக்குக் குழி ஆறடிக்குமேல் இடைவெளி தேவை; இடம் சுருங்கிய வீடுகளுக்கு ஒரு குழியே போதும். குழிக்கு ஐந்து விதைகளை ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்துப் பதினைந்து நாள் ஆனபின், திடமான இரண்டு கன்றுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் களைந்துவிடவேண்டும். இங்கே மனம் இளகினால் ஐந்தும் ஒன்றையொன்று நெருக்கி ஐந்துமே நலிந்துபோகும். ரகங்களைப் பொறுத்தவரை, பெரிய குடும்பத்துக்கும் விசாலமான கொல்லைக்கும் ஏழெட்டுக் கிலோ எடை தரும் கோ 1 பொருந்தும். சிறு குடும்பத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ காய்க்கும் கோ 2 அல்லது பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட, ஏறக்குறைய ஒரு கிலோவே எடையுள்ள அர்க்கா சூர்யமுகி போதும். மாடியில் பெரிய பீப்பாயில் வளர்க்க விரும்புவோரும் இத்தகைய சிறுகாய் ரகங்களையே நாடவேண்டும்.

கொடி ஓடத் தொடங்கியதும் அதற்கு ஒரு திசையைக் காட்டிவிடுவது நம் கடமை. முன்னாளில் கூரை வீடுகளின்மேல் அதை ஏற்றிவிட்டார்கள். ஓலைமேல் காய் பத்திரமாகக் கிடந்து முதிர்ந்தது. தரையில் படரவிட்டால், கணுக்கள்தோறும் வேர்விடும் அதன் இயல்பை அனுசரித்து, ஆங்காங்கே கணுக்களின்மேல் ஒரு கைப்பிடி மண்ணை அணைப்பது மிகுந்த பிரயோஜனம் தரும். பந்தலில் ஏற்றினால், காய் கனக்கத் தொடங்கியவுடன் கயிற்றில் உறி பின்னித் தாங்கவேண்டும். எருவை மட்டும் மேலும் மேலும் இட்டுக்கொண்டிருந்தால் இலைகள் குடைபோல் விரியுமே தவிரப் பூ பிடிக்காது.

விதைத்து ஏறக்குறைய 40, 45 நாட்களில் முதற்பூ மலர்கிறது. முதலில் வருபவை யாவும் ஆண்பூக்களே. நீண்டு மெலிந்த காம்பின் நுனியில் நிற்கும் அவை உதிர்வதைக் கண்டு கொடிக்கு ஏதோ நோய் வந்ததாகக் கலங்குவோர் பலர். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத்தான், குட்டையான காம்பும், இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு போன்ற சிறு பிஞ்சும் கொண்ட பெண்பூ தலைகாட்டும். இவ்விரண்டும் விடியுமுன் விரிந்து, வெயில் ஏறும்போது, பத்து மணிக்குள்ளாகவே, வாடிச் சுருண்டுவிடுகின்றன. மறுநாள் அதே பூ மீண்டும் மலர்வதில்லை. ஒரு காயின் தலைவிதி முழுவதும் அந்த நாலைந்து மணி நேரத்துக்குள் நிர்ணயமாகிறது. பரங்கியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. காற்று அதைத் தூக்கிச் செல்லாது. தேனீ வந்து சுமந்தால்தான் உண்டு. அன்றியும் ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கான விதைகள் உருவாகவேண்டியிருப்பதால், தேனீ ஒருமுறை வந்துபோனால் போதாது, பலமுறை வரவேண்டும். மகரந்தம் போதாத பிஞ்சு மஞ்சளித்து உதிரும், அல்லது ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும்.

புறநகரில் என் கொடிக்கு நேர்ந்தது இதுவே. சுற்றிலும் சுவர்களும் சிமெண்டுத் தரைகளுமாக இருந்த அவ்விடத்தில் தேனீக்கள் இல்லை. பாட்டியின் சொல் நினைவுக்கு வந்த மறுநாள், ஆறு மணிக்கு எழுந்து, அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்தெறிந்து, நடுவிலுள்ள மஞ்சள் தூள் படிந்த தண்டைப் பெண்பூவின் நடுமுடியில் மெல்லத் தடவினேன்; பின்னும் ஒரு பூவைக் கிள்ளி அவ்வாறே தடவினேன். நான்காம் நாள் அந்தப் பிஞ்சு உதிராமல் பளபளத்துப் பருத்திருந்ததைக் கண்டபோது அடைந்த ஆனந்தத்தை இன்றும் மறக்கவில்லை. ஆண்பூ எப்போதும் மிகுதியாகவே பூக்கும். நாலைந்தைக் கொடியில் விட்டுவைத்தால், எஞ்சியவை கோலத்துக்கும் பஜ்ஜிக்கும் தாராளமாகக் கிடைக்கும்.

கொடிக்குப் பகைகள் இல்லாமலில்லை. இரண்டிலைப் பருவத்தில் சிவப்பு வண்டு வந்து இலைகளைச் சல்லடையாக்கும். பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவி, வண்டுகளைக் கையால் பொறுக்கி அழிக்கலாம். பழ ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிட்டு உள்ளே புழு வைக்கும். பிஞ்சு பிடித்தவுடன் காகிதப் பையால் மூடிக் கட்டுவதும், சொத்தையாகி விழுந்தவற்றை அங்கேயே விட்டுவிடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும் இதற்குரிய நிவாரணங்கள். இலைகளில் மஞ்சள் திட்டுகள் படர்ந்து கொடி குறுகினால் அது நச்சுயிரி நோய். அக்கொடியை இரக்கமின்றிப் பிடுங்கிவிடுவதே மற்றவற்றுக்குச் செய்யும் உபகாரம். வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க நேர்ந்தாலும் மாலையில் தெளியுங்கள். காலையில் மருந்தடிப்பவர் தாம் எதிர்பார்த்திருக்கும் தேனீயைத் தாமே விரட்டுகிறார். மாவு தூவியதுபோல் வெண்மை படரும் சாம்பல் நோய்க்கு, நெருங்கிய பழைய இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் உண்டாக்குவது நல்ல தடுப்பு.

ஒரு கொடியில் இரண்டு மூன்று காய்களை முதிர விட்டு, பின்னால் வருபவற்றைப் பிஞ்சாகவே பறித்துக் கூட்டுக்கு உபயோகித்துக்கொள்ளலாம். அதன் இளந்தோலின் ருசி முற்றிய காய்க்கு வராது. முதிரும் காயின் அடியில் வைக்கோலைப் பரப்பினால் ஈரம் தாக்காது. பச்சை மாறி மேனி பழுப்பேறி, காம்பு காய்ந்து கட்டைபோல் இறுகி, நகத்தால் அழுத்தினால் தோல் இடங்கொடாமல் நிற்கும் தருணமே அறுவடைக்கு உரியது. அதற்குமுன் சில நாட்கள் நீரைக் குறைத்துவிடவேண்டும். இரண்டங்குலக் காம்போடு அரிவாளால் அறுக்கவேண்டும்; காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது ஒடிந்து, அந்தப் புண்வழியே அழுகல் நுழைந்துவிடும். பழுதில்லாத காய் உலர்ந்த காற்றோட்டமுள்ள இடத்தில் மாதக்கணக்கில் கெடாமலிருக்கும்.

எங்கள் வீட்டில் பெரிய காயை அறுக்கும் நாளன்று தெருவில் பாதி வீடுகளுக்கு ஒவ்வொரு பத்தை போய்ச் சேரும். அறுத்த காயை வீட்டில் வைத்திருப்பதில்லை. பாட்டி நடுச்சதையை வழித்து, பருத்த விதைகளாகப் பொறுக்கி, சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பி நிழலில் உலர வைப்பாள். சில நாள் கழித்து அவற்றை ஒரு சிறு துணியில் முடிந்து அடுப்பங்கரை உத்தரத்தில் தொங்கவிட்டால், அடுத்த ஆடி வரையில் அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கமாட்டார்கள்.