புற்றுநோய்னு தெரிஞ்ச நாளில் இருந்து தூக்கமே வரலையா? தென்காசி, குற்றாலம் பகுதி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கிவிட்டால், தென்காசி வட்டாரத்தில் ராத்திரி தூக்கத்துக்குக் குறைவே இருக்காது. ஆனால் பயாப்சி ரிப்போர்ட்டில் 'புற்றுநோய்' என்று வந்த வீட்டில் முதலில் தொலைவது அந்தத் தூக்கம்தான். இது மனசு பலவீனம் இல்லை. டாக்டரிடம் சொன்னால் சரிசெய்யக் கூடிய பிரச்னை.

ஏன் தூக்கம் வருவதில்லை?

பகல் முழுக்க ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பாளையங்கோட்டைக்கோ திருவனந்தபுரத்துக்கோ பயணம் என ஓடிவிடும். படுத்த பிறகுதான் "பிள்ளைங்க என்ன ஆவாங்க, செலவுக்கு என்ன பண்றது" என்ற கேள்விகள் வரிசைகட்டும். வலியும் எழுப்பிவிடும். கீமோவின்போது வாந்தி வராமல் இருக்கத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் தூக்கத்தைக் கெடுக்கும். அதைக் காலையிலேயே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ, நேரத்தை மாற்றவோ வேண்டாம்.

தூங்கலைன்னா நோய் பரவிடுமா?

ரெண்டு ராத்திரி கண் முழித்ததால் கட்டி வளர்ந்துவிடாது. ஆனால் வாரக்கணக்கில் நீடித்தால் சோர்வு கூடும், வலி அதிகமாகத் தெரியும், சிகிச்சையைத் தாங்குவதும் கஷ்டமாகும். "சொன்னா கீமோவை நிறுத்திடுவாங்களோ" என்று பயந்து மறைக்காதீங்க.

வீட்டில் என்ன செய்யலாம்?

* எப்போது தூங்கினாலும், தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள்.
* பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம்.
* சாயங்காலமே 15 நிமிஷம் உட்கார்ந்து கவலைகளை நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தனியாகக் குறியுங்கள்.
* சுமார் 20 நிமிஷம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். கண் சொக்கும்போது படுங்கள்.
* நடுராத்திரியில் போனில் நோயைப் பற்றித் தேடாதீர்கள்.

இந்தப் பழக்கங்களில் பல, 'அறிவாற்றல் நடத்தை சிகிச்சை' என்ற முறையில் சொல்லித்தரப்படுபவை. நீண்டநாள் தூக்கமின்மைக்கு இதையே முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. தூக்க மாத்திரையை மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம்.

அருவியில் குளிச்சா மனசு லேசாகுமே?

ஆகலாம். ஆனால் கீமோ நேரத்தில் ரத்த வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், தொற்று எளிதில் வரும். கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் எண்ணெய் மசாஜ் கூடாது. மருந்து ஏற்றக் குழாய் பொருத்தியிருந்தால் அருவிக் குளியல் ஆபத்து. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு போங்கள். அதுவரை சாரலில் நனையாமல், காலையில் கொஞ்ச தூரம் நடந்தாலே நல்லது. மூலிகை மருந்து எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டுல இருக்கறவங்க என்ன செய்யணும்?

"தைரியமா இரு" என்று சொல்வதைவிட, "எதை நினைச்சுப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். சீசனுக்கு வரும் சொந்தக்காரர்கள் ராத்திரி வரை நோய் விசாரிப்பதைத் தவிர்க்கலாம். கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும். முறைபோட்டுக் கண் விழியுங்கள்.

எப்போது உதவி தேவை?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் சிகிச்சை தரும் டாக்டரிடமே மனநல ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம்.