கல்லூரி அலுவலக உத்தியோகம்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் தமது சேமிப்புத் தொகை முழுவதையும் திரும்பக் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். காரணம் வினவினோம். பி.காம். தேறிய தம் மகளுக்கு ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை வாங்கித் தர 2 இலட்ச ரூபாய் வேண்டுமென்று யாரோ சொன்னாராம். “வாத்தியார் வேலைக்குத்தான் பெரிய படிப்பு வேண்டும். ஆபீஸ் வேலைக்குப் பணந்தானே வழி, ஐயா?” என்றார் அவர். அன்று அவருக்குக் கூறியதையே இங்குச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

கல்லூரி என்றவுடன் வகுப்பறையே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் அதன் அலுவலகத்தில் சேர்க்கை, கட்டணம், உதவித் தொகை, சம்பளப் பட்டியல், தணிக்கை ஆகிய யாவும் நாள்தோறும் நடந்தாக வேண்டும். பல்கலைக் கழகத்திலோ தேர்வுப் பிரிவே ஒரு தனி உலகம். வினாத்தாள் அச்சேறுவது முதல், விடைத்தாளின் பதிவெண்ணை மறைத்து மாற்றெண் இட்டுத் திருத்த அனுப்புவது, மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றுவது, பட்டச் சான்றிதழ் வழங்குவது வரை அங்கே நடைபெறுகின்றன. இருபது ஆண்டு கழித்து ஒரு நிறுவனம் அச்சான்றிதழ் மெய்யானதா என்று கேட்டு எழுதினாலும், அந்தப் பதிவேட்டைப் பார்த்தே விடை கூற வேண்டும். பாவில் ஓர் இழை மாறிக் கோக்கப்பட்டால் துணி நெடுகிலும் கோடு விழுவதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. இங்கும் ஓர் எண் தவறினால் ஒரு மாணவனின் வாழ்வு நெடுகிலும் அது தொடரும். ரொக்கப் புத்தகமும் பேரேடும் ஒழுங்காக எழுதத் தெரிந்த சங்கக் காரியதரிசி இவ்வேலையை விரைவில் கற்றுக்கொள்வார் என்பது நம் எண்ணம்.

இனி, வழிகள். அரசுக் கல்லூரிகளின் இளநிலை உதவியாளர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு எழுத வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதும். பின்னர் துறைத் தேர்வுகளில் தேறி உதவியாளர், கண்காணிப்பாளர் என உயரலாம். திருவாரூரில் 2009இல் தோன்றிய மத்தியப் பல்கலைக் கழகம் போன்றவற்றில் ஏணி இன்னும் நீளமானது. முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர் உதவிப் பதிவாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் துணைப் பதிவாளர் பதவிக்கும், 15 ஆண்டு நிர்வாக அனுபவமும் அதில் 8 ஆண்டு துணைப் பதிவாளர் நிலையிலும் இருந்தால் பதிவாளர் பதவிக்கும் தகுதி உண்டு. மாநிலப் பல்கலைக் கழகங்களில் பதிவாளர் நாற்காலி பெரும்பாலும் பேராசிரியர்களுக்கே போய்விடுகின்றது. இது நமக்கு உவப்பானதன்று.

நம் அங்கத்தினரிடம் பணம் கேட்டவர் சொன்னது உதவி பெறும் தனியார் கல்லூரி ஒன்றை. அத்தகைய கல்லூரியில் அரசு ஒப்புதல் அளித்த பணியிடத்திற்கு மட்டுமே அரசு சம்பளம் தரும். மற்றவருக்கு நிர்வாகம் தன் வருவாயிலிருந்து தரவேண்டும். ஆகவே, ஒப்புதல் ஆணையின் எண்ணையும் தேதியையும் முதலில் கேளுங்கள் என்றோம். வருவாய்க்கு மிஞ்சி ஆள் சேர்த்தால் என்னவாகும் என்பதற்கு, 1929இல் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக் கழகமே சான்று. நிதி நெருக்கடி முற்றியபின் 2013இல் தனிச் சட்டம் இயற்றி அரசு அதனை ஏற்றது. தேவைக்கு மேற்பட்ட பணியாளர் பலர் அடுத்துவந்த ஆண்டுகளில் வேறு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மாற்றப்பட்டனர். அவர்களுக்கு அரசு கைகொடுத்தது. பணம் கொடுத்து, ஆணை இல்லாத இடத்தில் அமர்பவருக்குக் கைகொடுக்க எவருமில்லை.

அங்கத்தினர் ஆணை எண்ணைக் கேட்கச் சென்றார். கேட்ட மறுநாளிலிருந்து அந்த மனிதர் தொலைபேசியை எடுப்பதில்லையாம். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகள் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படித்து வருகிறாள். பழைய வினாத்தாள்கள் சிலவற்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கின்றோம். வேண்டுவோர் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.