கடைசி வாங்கும் ஆண்டிறுதிப் பரீட்சையும்

நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், கார்த்திகை மழை ஓட்டுக் கூரையின்மேல் இரைச்சலிடத் தொடங்கினால் ஆண்டிறுதிப் பரீட்சை நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்வோம். ஆசிரியரின் குரல் மழையோடு போட்டியிடும். பிள்ளைகளின் கண்களோ முற்றத்து வெள்ளத்திற் கடதாசிக் கப்பல் விடுவதற்கு இடம் தேடும். மார்கழி விடுமுறையின் நினைவு ஒருபுறம் அவர்களை இழுக்கும். ஆசிரியர், வரவு இடாப்பு, புள்ளிப் பட்டியல், முடியாத பாடங்கள் என்னும் மூன்றினுக்குமிடையே அகப்பட்டுத் தவிப்பார். பிள்ளைகளின் கவனத்தை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதே அந்நாட்களில் ஆசிரியர் அறையில் ஓயாது எழும் வினாவாகும். எனினும், அதற்கு முன்னே எழவேண்டிய வினா ஒன்றுண்டு: ஆசிரியரின் கவனம் எங்கே நிற்கிறது?

இவ்வினாவை எனக்கு உணர்த்தியவன் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். பரீட்சைக்கு இரண்டு வாரங்களே இருந்தன. நல்ல புள்ளி பெறக்கூடிய பிள்ளைகளை முன் வாங்குகளில் இருத்தி, கணக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுத்தற் கணக்கிலே தடுமாறும் அம்மாணவனைக் கடைசி வாங்குக்கு அனுப்பி, வெண்கட்டி எடுத்து வரவும் கரும்பலகை துடைக்கவும் ஏவிவந்தேன். அவனும் முகங்கோணாது செய்தான். மூன்றாம் நாள், பலகையைத் துடைத்து முடித்தவன் என்னருகே வந்து மெல்லக் கேட்டான்: “சேர், எனக்குச் சோதினை இல்லையோ?”

அவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. என் கவனம் முழுவதும் பரீட்சையின்மேல் இருந்தது, பிள்ளையின்மேல் இருக்கவில்லை.

இக்குறை என் ஒருவனுக்கே உரியதன்று. 1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, பெறுபேற்றுக்கேற்பப் பணம் கொடுக்கும் முறை ஒன்று ஆரம்பப் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டது. வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் பரிசோதகர் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறியவர் தொகையைப் பொறுத்தே பாடசாலைக்குரிய உதவிப்பணம் அமையும். விளைவு யாது? கற்பித்தல் அம்மூன்றினுள் ஒடுங்கியது. ஆண்டு முழுவதும் ஒரே வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்வித்தல் மலிந்தது. பாடசாலைப் பரிசோதகராகவும் இருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். எனினும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் அதுவே வந்து சேர்ந்தது. அச்சட்டங்கள் மறைந்துவிட்டன, அவற்றின் மனப்பான்மை மாத்திரம் நமது பாடசாலைகளை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. 1945 ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலவசக் கல்வி தொடங்கியபோது, ஏழைப் பிள்ளையும் பின்தள்ளப்படலாகாது என்பதன்றோ நோக்கமாயிருந்தது? பரீட்சையின் பெயரால் நாமே அப்பிள்ளையைப் பின்தள்ளுவோமாயின், அந்நோக்கம் வகுப்பறை வாயிலிலேயே தோற்றுப்போகும்.

நிற்க, பரீட்சைக்கு முந்திய வாரங்களிற் செய்யத்தக்கது யாது? முதலாவது, அவ்வாரங்களிற் புதுப்பாடங்களை அள்ளித் திணித்தல் ஆகாது. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து நடத்திய சோதனைகளை 1885 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கற்றது முதற்சில மணி நேரத்திலேயே விரைந்து மறந்துபோகும் என்பதும், ஒரே இருப்பிற் பலமுறை படிப்பதினும் நாட்களைப் பகிர்ந்து படிப்பதே நிலைக்கும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். கடைசி வாரத்து இரவுப் படிப்பினால் வரும் பயன் சொற்பமே.

இரண்டாவது, பார்த்தெழுதுவிப்பதைக் குறைத்து, நினைந்தெழுதுவிப்பதைப் பெருக்கவேண்டும். அமெரிக்காவிற் கல்லூரி மாணவரை வைத்து ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் செய்த ஆய்வொன்று 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தோர் ஐந்து நிமிடத்தின் பின் நடந்த சோதனையில் முன்னின்றனர். ஆனால் ஒரு வாரத்தின் பின், புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதியோரே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். இதற்குப் பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை. காலையிற் பத்து நிமிடம் கொப்பிகளை மூடச் செய்து, “நேற்று நாம் படித்தவற்றுள் மூன்றினைச் சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டாற் போதும். புள்ளி இடவேண்டாம், பிழை சொன்ன பிள்ளையை நகையாடவும் வேண்டாம். அச்சமின்றி வினாவை எதிர்கொள்ளும் பழக்கம் பரீட்சை நாளிலும் கைகொடுக்கும்.

மூன்றாவது, பாட்டு, விளையாட்டு, கதை என்பவற்றுக்குரிய நேரத்தைக் கணிதத்துக்கென்று பறித்தல் கூடாது. சின்னஞ்சிறு பிள்ளையின் உடல் அசையாதிருக்கும்படி கட்டளையிடலாம். உள்ளம் அக்கட்டளைக்கு அடங்குவதில்லை. முற்றத்தில் ஓடிக் களைத்து வந்த பிள்ளை, அடுத்த அரைமணி நேரம் நம்மோடு இருக்கும். மழை விடாத நாளில் வகுப்பறையினுள்ளே ஒரு பாட்டுப் பாடுவித்தாலும் அந்நன்மை கிட்டும்.

இவை யாவும் பிள்ளைகளுக்குரியன. ஆசிரியருக்குரியது ஒன்றே. ஒரு தாளை எடுத்து, வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, அதன் எதிரே அப்பிள்ளை இன்னும் அறியாத ஒன்றை மாத்திரம் குறித்துக்கொள்ளவேண்டும். பட்டியலைக் கடைசி வாங்கிலிருந்து தொடங்குதல் நன்று. எவருடைய பெயருக்கெதிரே எழுத ஒன்றும் தோன்றவில்லையோ, அப்பிள்ளையை நாம் ஆண்டு முழுவதும் பார்க்கவில்லை என்பது பொருள். தலைமையாசிரியர்களும் அவ்வாரங்களிற் கூட்டங்களையும் அறிக்கைகளையும் ஒத்திவைத்து உதவினால், ஆசிரியர்க்கு அதற்கான ஓய்வு கிடைக்கும்.

அன்று மாலையே அம்மாணவனின் அருகிற் போய் இருந்தேன். வகுத்தல் அவனுக்கு விளங்காததன்று; ஏழாம் வாய்பாடு மாத்திரம் அவனுக்குப் பாடமில்லை! மூன்றாம் வகுப்பில் நெடுநாட் காய்ச்சலாய்க் கிடந்தபோது அது தவறிப்போயிற்று. இரண்டு ஆண்டுகளாக அதனை எவரும் அவனிடம் கேட்டதில்லை. எஞ்சிய நாட்களில் நாளுக்கு இரண்டு வரியாக அதனைக் கற்றுக்கொண்டான்.

பரீட்சையில் அவன் பெற்ற புள்ளி பெரிதன்று. முன் வாங்குப் பிள்ளைகளை அவன் முந்தவுமில்லை. ஆயினும் மணியடிக்கும் வரை தலைநிமிராது எழுதினான். வினாத்தாளின் கடைசிக் கணக்கு வரை அவன் விடை இருந்தது. அன்று கரும்பலகையை நானே துடைத்தேன்.